பிடரிச் சீட்டு

ஏகாம்பரத்தின் பிடரியில் இருந்த சீட்டை முதலில் பார்த்தவர் முடிவெட்டும் தட்சிணாமூர்த்திதான். பார்த்ததும் அவர் ஒன்றும் மலைத்துப்போகவில்லை. கம்பெனிச் சட்டையின் விலைச்சீட்டு வியர்வையில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார், வரவில்லை, பவுடர் போட்டுச் சுரண்டினார், அப்போதும் வரவில்லை, மூன்றாம் முறை சுரண்டியபோது ஏகாம்பரம் "யோவ், அது தோலுய்யா" என்று அலறினான். தட்சிணாமூர்த்தி கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு சதுரம், அதில் கறுப்புக் கோடுகள், கோடுகளுக்குக் கீழே அவன் பெயர், அறுபத்தெட்டு கிலோ முந்நூறு கிராம் என்று அவன் எடை, ஆறு இலக்கத்தில் ஒரு பின்கோடு, அனுப்பும் நாள் என்று அடுத்த வருஷத்துத் தேதி ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் 'வேண்டியவர்' என்று போட்டு அவன் பெண்டாட்டியின் பெயர். "ஒனுக்கும் கீதா பாரு" என்றான் ஏகாம்பரம். இருந்தது. கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் இருந்தது. சாயங்காலத்துக்குள் தாழையம்பட்டின் நானூற்றுப் பன்னிரண்டு பிடரிகளிலும் சீட்டு இருப்பது தெரிந்துபோயிற்று, அன்று காலை பதினொரு மணிக்குப் பிறந்த குழந்தை உட்பட.

அது பெரிய குடோனில் மூன்றாம் கட்ட ஆட்டோமேஷன் முடிந்த வாரம். ஊருக்கு மேற்கே, பெங்களூர் ரோட்டை ஒட்டி அந்தக் குடோன் இருந்தது. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது, உள்ளே பாதிக்கு மேல் விளக்கும் கிடையாது, அங்கே வேலை செய்கிறவற்றுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. முதல் கட்டத்தில் பெட்டி தூக்கியவர்கள் வீட்டுக்குப் போனார்கள், இரண்டாம் கட்டத்தில் ஏகாம்பரத்தைப் போல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்கள் போனார்கள், மூன்றாம் கட்டத்தில் ரேக் ரேக்காக நடந்து சரக்கைத் தேடி எடுத்தவர்கள் போனார்கள். இப்போது முழங்கால் உயரத்தில் தட்டையாக ஓடும் வண்டிகள் ரேக்கின் அடியில் புகுந்து அதை அப்படியே முதுகில் தூக்கிக்கொண்டு வருகின்றன. கம்பெனி அவற்றுக்கு ஏதோ பெயர் வைத்திருந்தது, ஊரார் ஆமை என்றார்கள். யாருக்கு எது எப்போது தேவைப்படும் என்பதும் அந்தக் குடோனுக்கு முன்கூட்டியே தெரியும். ஓசூரில் ஒருத்திக்குக் குக்கர் வாங்கலாமா என்று தோன்றும் முன்பே குக்கர் இங்கிருந்து கிளம்பிவிடும், அவள் ஆர்டர் போடும்போது அது அவள் தெருமுனையில் நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் போய் கேட்டில் காவலுக்கு நின்ற ஏகாம்பரம், ஆமைகள் லாரியிலிருந்து இறங்கியதைப் பார்த்த அன்றைக்கே, "ஆமை புகுந்த வூடும் அமீனா புகுந்த வூடும் உருப்படாதும்பாங்க, இது எண்ணூறு ஆமை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் பெண்டாட்டி பெயர் வேண்டா. திருத்தணிப் பக்கத்தில் பிறந்தவள். அங்கே அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தால் மூன்றாவது பெண்ணுக்கு வேண்டா என்று பெயர் வைப்பார்கள், வைத்தால் சாமி காதில் விழுந்து நான்காவது ஆணாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. சாமிக்கு அன்று காது அடைத்திருந்ததோ என்னவோ, நான்காவதும் பெண், அவளுக்குப் போதும்பொண்ணு என்று பெயர். வேண்டா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது அவள் அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனுக்கு வேணாம்மா, நீயே எட்த்துகினு போ" என்றாராம். அதை அவர் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், காபித் தட்டோடு நிற்கும் வேண்டாவும் சிரிப்பாள். தன் பெண்ணுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் அவள் யாரையும் கலக்காமல் தர்ஷிகா என்று வைத்தாள். அர்த்தம் கேட்டவர்களிடம், "கெட்ட அர்த்தம் இல்ல, அது போதும்" என்றாள்.

குடோனில் அவளுக்கு ரிட்டர்ன் செக்‌ஷனில் வேலை. வாங்கியவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சரக்கைப் பிரித்து, உள்ளே இருப்பது சரக்குத்தானா செங்கல்லா என்று பார்த்து, அதைக் கேமராவுக்குக் காட்டி, திரையில் காரணத்தைத் தொட வேண்டும்: சேதம், அளவு தப்பு, எதிர்பார்த்தபடி இல்லை, இனி தேவையில்லை. தொட்டதும் ஒரு ஆமை வந்து அதை இருட்டான கடைசி வரிசைக்கு எடுத்துப்போகும், அங்கே போனதை சிஸ்டம் பிறகு யாருக்கும் அனுப்பாது. மற்ற வேலைகள் எல்லாம் போன பிறகும் இந்த வேலை மனுஷருக்கு மிச்சமிருந்தது, ஏனென்றால் ஒரு பொருள் ஏன் பிடிக்காமல் போயிற்று என்பதை மட்டும் ஆமையால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சீட்டை ஊர் ஏற்றுக்கொண்ட வேகத்தைச் சொன்னால் வெளியூரார் நம்பமாட்டார்கள். முதல் இரண்டு நாள் மஞ்சள் அரைத்துப் போட்டுப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் படர்தாமரைக்குத் தரும் களிம்பைத் தந்தார்கள், உரித்த இடத்தில் மறுநாள் காலை புதிதாக வந்துவிட்டது; மூன்றாம் நாள் ரேஷன் கடையில் கைரேகை விழாத கிழவர்களுக்கெல்லாம் பிடரியைக் காட்டினால் உடனே பில் வருகிறது என்று தெரிந்தது, அன்றோடு மண்ணெண்ணெய் நின்றுபோயிற்று. எடை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு கூடியது, அதை வைத்துப் பெண்டாட்டிகள் யார் எங்கே திருட்டுத்தனமாகப் பரோட்டா தின்றார்கள் என்று கண்டுபிடித்தார்கள். 'வேண்டியவர்', அதாவது அந்தச் சரக்கை வேண்டுகிறவர், என்ற வரிதான் பெரிய வம்பு. மேலத்தெருவில் ஒருவர் சீட்டில் வாலாஜாபாத்துக்காரி ஒருத்தியின் பெயர் வந்து, அவர் பதினைந்து நாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அலைந்தார். கல்யாணத் தரகர் ஜாதகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டு பிடரியையும் போட்டோ எடுத்து வாருங்கள் என்றார். பின்கோடைப் பார்த்துத்தான் தபால்காரர் தலையைச் சொறிந்தார். "பூஜ்யத்துல ஆரம்பிக்குது. இந்தியாவுல பூஜ்யத்துல ஆரம்பிக்கிற பின்கோடே கெடையாதும்மா" என்றார்.

வேண்டாவின் சீட்டில் தேதி இல்லை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'ரிட்டர்ன்' என்று இருந்தது. பேரைப் பார்த்துவிட்டு மிஷின் குழம்பிவிட்டது, வேண்டாம் என்று திருப்பியனுப்பிய சரக்கு என்று நினைத்துவிட்டது என்று ஊர் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சீட்டில் இன்னொன்றும் இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது. அதை அவளும் ஏகாம்பரமும் தவிர யாரும் பார்க்கவில்லை. 'வேண்டியவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அவன் சீட்டில் அவள் பெயர், அவள் சீட்டில் வெள்ளை. ஏகாம்பரம் நல்லவன்தான், ஒரு நாள் கை நீட்டியது கிடையாது, ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு நாள் அவளைப் பார்த்து நீ சாப்பிட்டாயா என்று கேட்டதும் கிடையாது. "மிஷின் தப்பு, எனுக்கு நீதான" என்று அவன் முனகினான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொண்டையைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தேதி எதற்கு என்பது செப்டம்பர் ஒன்பதாம் தேதி தெரிந்தது. அன்றைய தேதி டீக்கடைப் புருஷோத்தமனின் பிடரியில் இருந்தது. காலை ஏழு மணிக்கு, கடையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, குடோன் பக்கமிருந்து ஒரு ஆமை தார்ரோட்டில் மெதுவாக, ஓரமாக, ஒரு நாய்க்கு ஒதுங்கிக்கொண்டு வந்தது. கடை வாசலில் நின்றது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், "புருஷோத்தமன் உங்களுக்கு வேண்டியவரா?" என்று அவர் பெண்டாட்டி ஜெயக்கொடியைக் கேட்டது. ஜெயக்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. "எம் புருசன்மா. எனுக்கு வேண்டியவருதான்" என்றாள். "உறுதி செய்ததற்கு நன்றி" என்ற ஆமை பெஞ்சின் அடியில் புகுந்து, உட்கார்ந்திருந்த புருஷோத்தமனோடு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. அவர் குதித்திருக்கலாம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். குதிக்கவில்லை. கால் தரையில் உரசாமல் தூக்கி வைத்துக்கொண்டார், பாதி டீ இருந்த கிளாஸைப் பக்கத்தில் வந்தவரிடம் நீட்டினார், அவ்வளவுதான். குடோனின் இருட்டான வாசலுக்குள் போன பெஞ்சு மட்டும் மத்தியானம் திரும்பி வந்தது. ஜெயக்கொடியின் போனில் 'அனுப்பப்பட்டது' என்று ஒரு மெசேஜ், அடுத்த நாள் 'வழியில் உள்ளது' என்று ஒரு மெசேஜ், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

போனவரைச் செத்தவர் என்று சொல்ல முடியவில்லை. பிணமில்லாமல் பறைக்கு எங்கே சொல்வது, வழியில் இருப்பவருக்குக் கருமாதி செய்தால் அது பாவமில்லையா என்று ஐந்து நாள் பேசினார்கள். கடைசியில் ஜெயக்கொடி பொட்டை அழிக்கவில்லை, பூ மட்டும் வைப்பதை நிறுத்தினாள், அதுவே பிறகு ஊர்வழக்கமாகிவிட்டது. குடோன் மேனேஜர் நல்ல பிள்ளை, போய்க் கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் தந்து, "சிஸ்டம் டீமுக்குப் புகார் போட்டிருக்கேன், டிக்கெட் நம்பர் இந்தாங்க" என்றார். அவர் பிடரியிலும் சீட்டு இருந்தது. திண்டிவனத்துக்கு ஓடிப்போன குடும்பம் ஒன்றைத் தேடி ஆமை சர்வீஸ் ரோட்டிலேயே போயிற்று, சிக்னலில் நின்று, டோல்கேட்டில் வரிசையில் நின்று, இரண்டாம் நாள் அந்த வீட்டு வாசலில் போய் அதே குரலில் அதையே கேட்டது. கேட்கும்போதெல்லாம் ஜனங்கள் அழுதார்கள், காலில் விழுந்தார்கள், "என் தம்பிடா அவன், எங்களுக்கு வேண்டியவன்டா, வுட்ருடா" என்று கதறினார்கள். உறுதி செய்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு அது தூக்கிக்கொண்டு போயிற்று. தேதி நெருங்கியவர்களுக்குச் சொந்தக்காரர்கள் முறுக்கு சுட்டார்கள், போகிற ஊர் குளிராக இருந்தால் என்ன செய்வது என்று ஸ்வெட்டர் வாங்கினார்கள். பயத்தைக்கூட மனுஷர் முறுக்கும் ஸ்வெட்டருமாக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள்.

தர்ஷிகாவுக்கு ஏழு வயது. இருபது கிலோ நூறு கிராம். அவள் சீட்டில் வேண்டியவர் என்ற இடத்தில் வேண்டா என்றும், அனுப்பும் நாள் என்ற இடத்தில் செப்டம்பர் இருபத்தொன்பது என்றும் இருந்தது.

வேண்டா அந்தத் தேதியை முதல் நாளே பார்த்திருந்தாள். ஒன்பதாம் தேதிக்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணைப் பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டிவரும் வழியில் பின்னால் நடந்தபடி அந்தக் கறுப்புக் கோடுகளையே பார்ப்பாள், ஆட்டோ சத்தம் கேட்டால்கூட உடம்பு தூக்கிவாரிப்போடும். அரக்கோணத்தில் அக்கா வீட்டில் விட்டுவிடலாம் என்றான் ஏகாம்பரம், திண்டிவனத்துக்கே போயிற்றே என்றாள் அவள். பெயரை மாற்றலாம் என்று ஊரில் ஒரு அலை எழும்பியது. வேண்டாவுக்குத் தேதி இல்லாததற்கு அவள் பெயர்தானே காரணம் என்று கோயிலில் வைத்து ஒரே நாளில் முப்பது பிள்ளைகளுக்குக் குப்பு, பிச்சை, வேண்டா என்று பெயரிட்டார்கள், எமனை ஏமாற்றப் பழைய காலத்தில் செய்ததுதானே என்றார்கள். சீட்டில் பெயர் மாறியது, தேதி மாறவில்லை. பிச்சையாக மாறிய பிள்ளையைப் பிச்சை என்று மரியாதையாகக் கூப்பிட்டே தூக்கிப்போயிற்று.

பதினேழாம் தேதி சாமிக்கண்ணுவின் முறை. சாமிக்கண்ணு மாமியார் வீட்டோடு இருந்த குடிகாரன், பெண்டாட்டி இரண்டு வருஷம் முன்பே அவனை விட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹாஸ்டலில் சமைக்கப் போய்விட்டாள். ஆமை வந்து கேட்டபோது மாமியார் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், அந்தக் கசுமாலத்த இஸ்துகினு போ" என்றாள். ஆமை இழுத்துக்கொண்டு போகவில்லை. சற்று நேரம் சாமிக்கண்ணுவின் முகத்துக்கு நேரே ஒரு சிவப்பு வெளிச்சத்தைக் காட்டியபடி நின்றது. "மறுப்பு ஏற்கப்பட்டது. காரணம்?" என்றது. "காரணம் வேறயா" என்று அவள் புளியைப் போட்டுத் தேய்த்தாள், "பிரயோஜனம் இல்ல." ஆமை திரும்பி வந்த வழியே போய்விட்டது. சாராய வாடை அதற்கு ஆகவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், அன்று ஒரே நாளில் ஊரில் பாதி ஆண்கள் குடித்தார்கள். தப்பித்த சாமிக்கண்ணு மட்டும் குடிக்கவில்லை. வீடு வீடாகப் போய், "யாருக்குமே நான் வோணாமா, ஒருத்தருக்குக் கூடவா" என்று கேட்டு அழுதான். அவன் குனிந்து அழுதபோது வேண்டா அவன் பிடரியைப் பார்த்தாள். தேதி போய் ரிட்டர்ன் என்று இருந்தது, வேண்டியவர் என்ற இடம் அவளுடையதைப் போலவே வெறும் வெள்ளையாக இருந்தது.

ஊரில் அவளுக்கு மட்டும் அது புரிந்தது. பெயரில் ஒன்றுமில்லை. வேண்டப்படுகிற சரக்குத்தான் நகரும், வேண்டாத சரக்கு கிடந்த இடத்தில் கிடக்கும், அதுதானே குடோனின் முதல் பாடம். அழுது புலம்பி வேண்டியவர் வேண்டியவர் என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் அடுத்த வீட்டுத் தவமணியிடம் சொன்னாள், ஏனென்றால் தவமணியின் மகள் ஹேமாவுக்கு இருபத்திநாலாம் தேதி.

"வேணாம்னு சொல்லிடு தவமணி. அது எத்தினி தபா கேட்டாலும் வேணாம்னே சொல்லு."

"பெத்த வாயால எப்டிக்கா சொல்றது?"

"சொல்லித்தான் ஆவணும். பொய்தானே."

தவமணி தைரியசாலி. மகளை உட்கார வைத்து, இது ஒரு விளையாட்டு, நான் வேண்டாம் என்பேன், நீ அழுவதுபோல மூஞ்சியை வைத்துக்கொள் என்று நான்கு நாள் பழக்கினாள். இருபத்திநாலாம் தேதி ஆமை வந்தது, கேட்டது, தவமணி நெஞ்சை நிமிர்த்தி வேண்டாம் என்றாள். ஹேமா உதட்டைப் பிதுக்கி, மூஞ்சியைக் கோணலாக்கி, அம்மா கற்றுக்கொடுத்ததைவிட நன்றாகவே நடித்தாள். சிவப்பு வெளிச்சம் தாயின் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் முகத்தில் நின்று, நெற்றியிலிருந்து மோவாய்வரை இறங்கி, மறுபடி ஏறியது. "மறுப்பு ஏற்கப்படவில்லை" என்றது ஆமை, ஹேமா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஹேமாவுக்கு விளையாட்டு இன்னும் முடியவில்லை. தெருமுனை திரும்பும்வரை அம்மாவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டே போனாள்.

தவமணி உள்ளே போய் வேண்டா வீட்டுப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினாள்.

அன்று முழுவதும் ரிட்டர்ன் செக்‌ஷனில் வேண்டா சரக்கைப் பிரித்துப் பிரித்துக் கேமராவுக்குக் காட்டினாள், காட்டும்போதுதான் மிச்சமும் விளங்கியது. ஸ்கேன் செய்வது எப்போதும் சரக்கைத்தான். வாங்கியவனை யாரும் ஸ்கேன் செய்வதில்லை, அவன் மனசில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பிடரிச் சீட்டும் அப்படித்தான், வேண்டுகிறவரின் நெஞ்சைப் பார்த்து எழுதவில்லை, தான் யாருக்கு வேண்டியவர் என்று பிடரிக்குச் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்கிறதோ அந்தப் பெயரை எழுதியது. ஏகாம்பரத்துக்கு ஒருவேளை அவள் வேண்டியவளாகவே இருக்கலாம். அவளுக்கு அது தெரியாது, அதனால் அவள் சீட்டு வெள்ளை. தர்ஷிகாவுக்கு எல்லாம் தெரியும், ராத்திரி யார் மேல் காலைப் போட்டுத் தூங்குகிறாள் என்பது தூக்கத்திலும் அவளுக்குத் தெரியும், அதனால் அவளுக்கு இருபத்தொன்பதாம் தேதி. குழந்தைக்குச் சொல்லாமல் செய்ய வேண்டும். சொல்லாமல் செய்தால்தான் அவள் நம்புவாள், நம்பினால்தான் அவள் இருப்பாள்.

ஏகாம்பரத்திடம் சொன்னபோது அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்பால சொல்லிக்கலாமா, பொய்யின்னு?" என்றான்.

"சொன்னா தேதி வந்துடும்."

"எப்ப சொல்லலாம்?"

வேண்டா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வேலைக்குப் போனாள்.

இருபத்தைந்தாம் தேதியிலிருந்தே அவள் ஆரம்பித்தாள், ஒரே நாளில் சொன்னால் பெண் நம்பமாட்டாள் என்று பயந்தாள். தர்ஷிகா பள்ளிக்கூடக் கதை சொல்ல வந்தபோது திரும்பிப் படுத்தாள். தட்டில் முட்டையை வைக்காமல் ஏகாம்பரத்துக்கு வைத்தாள், அவன் அதை விழுங்க முடியாமல் விழுங்கினான். மூன்றாம் நாள் பெண்ணுக்குக் காய்ச்சல் அடித்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை போனபோது மறு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரையைத் தரையில் வைத்து, "போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாள். அந்த நான்கு நாளில் அவளுக்குத் தன்னைப் பார்க்கவே பயமாக இருந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றும் கைக்கு இலகுவாக வந்தது, யாரோ சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனதுபோல வந்தது.

இருபத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு ஆமை வந்தது. தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். தர்ஷிகா யூனிஃபார்மில் படியில் உட்கார்ந்திருந்தாள், ஓடிவந்து அம்மாவின் புடவையைப் பிடித்தாள். வேண்டா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"தர்ஷிகா உங்களுக்கு வேண்டியவரா?"

"வேணாம்" என்றாள் வேண்டா.

தர்ஷிகா முதலில் ஆமையைப் பார்த்தாள், அது தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தவளாக. பிறகு அம்மாவைப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது.

"மீண்டும் உறுதி செய்யவும். தர்ஷிகா உங்களுக்கு வேண்டியவரா?"

"வேணாம். எனுக்கு இந்தப் பொண்ணு வேணாம்."

"யம்மா" என்றாள் தர்ஷிகா. "நான் இன்னா பண்ணன்?"

வேண்டாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் கண்ணுக்குத் தெருவும் ஆமையும் தெரியவில்லை, பெண்ணின் மேல்சட்டையில் இரண்டாவது பித்தான் மட்டும் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் பண்ணல. வேணாம், அவ்ளோதான்" என்றாள்.

வெளிச்சம் நெற்றியிலிருந்து மோவாய்வரை இறங்கியது, மறுபடி ஏறியது. குழந்தையின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று வேண்டா பார்க்கவில்லை, பார்த்தவர்கள் யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. ஆமை ஏகாம்பரத்தின் பெயரைச் சொல்லி அவனையும் கேட்டது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "எனுக்கும் வேணாம்" என்றான்.

"மறுப்பு ஏற்கப்பட்டது. காரணம்?"

ஒரு நாளைக்கு முந்நூறு முறை தொடுகிற காரணங்கள் அவள் வாயில் வரவில்லை. சேதமில்லை, அளவு தப்பில்லை, எதிர்பார்த்தபடி இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இனி தேவையில்ல" என்றாள். "நன்றி" என்றது ஆமை. அது வந்த வழியே திரும்பிப் போயிற்று.

போன பிறகு வேண்டா ஓடிப்போய் பெண்ணை வாரி எடுத்திருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள். வேண்டாவின் அப்பா அன்று ஆஸ்பத்திரியில் நிஜமாகவே சொன்னார், இவள் பொய்யாகச் சொன்னாள், பெண்ணின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஏகாம்பரம் அந்த வாரமே ஓசூர் குடோனில் காவல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போனான், எதிரில் இருந்தால் என்றாவது வாய்விட்டுவிடுவேன் என்று பயந்தான். தவமணி தன் வீட்டுச் சன்னலை இவர்கள் பக்கம் திறப்பதே இல்லை. அம்மாவுக்கு நீ வேண்டும் என்று தர்ஷிகாவுக்குச் சொல்லிவிட ஊரில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை, சொன்னால் என்ன ஆகும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. தர்ஷிகாவுக்கு அம்மா வேண்டும் என்பது அவள் கண்ணிலேயே இருந்தது, ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஆர்டர் போட முடியாது, அதனால் வேண்டாவின் சீட்டிலும் எந்த எழுத்தும் முளைக்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எண்ணெய் தேய்த்துக் குளித்த பெண்ணை முன்னால் உட்கார வைத்து வேண்டா தலை வாரினாள். தர்ஷிகா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை, சோறு கேட்பதில்லை, போட்டதைச் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தாள். மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கியபோது காதோரம் ஒரு சிக்கு விழுந்திருந்தது. இழுத்தால் வலிக்குமே என்று வேண்டாவின் விரல் அவளைக் கேட்காமலே மெதுவாகியது, சிக்கை ஒவ்வொரு மயிராகப் பிரித்தது, பிரித்த இடத்தை ஒரு தடவை தடவியும் கொடுத்தது. தர்ஷிகாவின் கழுத்து இளகியது. ஒரு மாதமாக நிமிர்ந்தே இருந்த தலை கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து அம்மாவின் கைக்கு வந்தது.

தர்ஷிகாவின் பிடரியில் வேண்டியவர் என்பதற்குப் பக்கத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் 'வே' என்று ஒரு எழுத்து ஊறிக்கொண்டு வந்தது. அதற்கு மேலே ரிட்டர்ன் மங்கியது, நவம்பர் என்று தெரிந்தது.

வேண்டா பின்னலைக் கையில் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். "நேரா குந்துடி. மேல சாயாத" என்றாள்.

எழுத்து நின்றது, மங்கியது, போயிற்று. தர்ஷிகா நேராக உட்கார்ந்தாள், அழவில்லை. "நானே பின்னிக்கிறன், குடு" என்று கையைப் பின்னால் நீட்டிச் சீப்பைக் கேட்டாள். வேண்டா கொடுத்தாள்.